8 அங்குல டாப்சோனியனுக்கு வீட்டிலேயே டிஜிட்டல் செட்டிங் சர்க்கிள் செய்வது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த். 8 அங்குல டாப்சோனியன் (பெட்டியில் உட்கார்ந்து கையால் தள்ளித் திருப்பும் தொலைநோக்கி), குவியத் தூரம் 1200 மி.மீ., மோட்டார் கிடையாது. தெருவிளக்கு வெளிச்சத்தில் வழிகாட்டும் மங்கல் நட்சத்திரங்கள் மறைந்துவிடுவதால் ஃபைண்டர் (குழாயின் மேல் இருக்கும் சிறு வழிகாட்டித் தொலைநோக்கி) பயன்படவில்லை. கைப்பேசித் திரையில் தொலைநோக்கி பார்க்கும் இடத்தைக் காட்டும் கருவியை, அதாவது டிஜிட்டல் செட்டிங் சர்க்கிளை, நாமே செய்யலாமா, அதற்கு எத்தனை பல்ஸ் என்கோடர் (அச்சு எவ்வளவு திரும்பியது என்பதைப் பல்ஸ்களாகத் தரும் சென்சார்) வாங்க வேண்டும்?

செய்யலாம். சாலிடரிங் தெரிந்தவருக்கு மின்னணு வேலை ஒரு மாலைப் பொழுது. மர வேலையும் உலோக வேலையும்தான் இரண்டு வார இறுதிகளைத் தின்னும். என்கோடரின் பல்ஸ் எண்ணிக்கையைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், ஆனால் பொருள் புலத்துக்குள் (கண்ணில் தெரியும் வட்டத்துக்குள்) விழுமா விழாதா என்பதை முடிவு செய்வது அச்சின் மையம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெரியும்.

பஞ்சாங்கத்து அளவையே வைத்துக்கொள்வோம்: 1 பாகைக்கு 60 கலை, முழுநிலவின் அகலம் ஏறக்குறைய 30 கலை. உங்கள் குழாயில் 25 மி.மீ. பிளாசல் கண்வில்லை போட்டால் 48 மடங்கு, புலம் சுமார் 62 கலை. நடுவிலிருந்து விளிம்புக்கு 31 கலை இருக்கிறது. கடையில் எளிதாகக் கிடைக்கும் 600 பல்ஸ் ஆப்டிகல் என்கோடரில் ஏ, பி என இரண்டு வரிசை பல்ஸ்கள் கால் சுற்று தள்ளி வரும். ஏறுவதையும் இறங்குவதையும் இரண்டிலும் எண்ணினால் ஒரு சுற்றுக்கு 2400 படிகள், ஒரு படிக்கு 9 கலை. 1000 பல்ஸ் என்றால் 4000 படிகள், 5.4 கலை. 2500 பல்ஸ் என்றால் 10,000 படிகள், 2.16 கலை.

இப்போது இதைப் பாருங்கள். என்கோடரின் மையம் அச்சின் மையத்திலிருந்து 1 மி.மீ. தள்ளி இருக்கிறது, அதன் உடலைச் சுழலாமல் பிடித்திருக்கும் கை 150 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிழை 150-இல் 1 ரேடியன், அதாவது 23 கலை. 10,000 படி என்கோடர் மாட்டினாலும் இந்த 23 கலை அப்படியே நிற்கும். 2400 படி என்கோடரைச் சரியான மையத்தில் மாட்டியவர் உங்களைவிட நன்றாகப் பொருள்களைப் பிடிப்பார்.

ஆகவே என் பரிந்துரை: முதலில் 600 பல்ஸ் இரண்டை வாங்கி அச்சோடு நேரடியாக இணையுங்கள். 48 மடங்கில் இதுவே பெரும்பாலான பொருள்களைப் புலத்துக்குள் கொண்டுவரும். போதவில்லை என்றால் 4க்கு 1 பெல்ட் சேர்த்து 9600 படிகள் ஆக்கலாம் (2.25 கலை), அதற்கு இடம் மட்டும் விட்டு வையுங்கள். பணம் தடையில்லை என்றால் 2500 பல்ஸை நேரடியாக மாட்டுவது பெல்ட்டைவிடச் சுத்தமான வழி. பெல்ட் என்றால் புல்லியின் மையப் பிழையும் தளர்வும் கூடவே வரும். ஏஎஸ்5600 என்ற மலிவான காந்த சென்சாரை இந்த வேலைக்குத் தவிர்த்துவிடுங்கள். 4096 படிகள் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் காந்தம் சற்றே நடு தவறினாலும் நேர்கோட்டுப் பிழை ஒரு பாகை அளவுக்குப் போகும். போதாக்குறைக்கு இரண்டு சென்சாருக்கும் ஒரே மாறாத முகவரி என்பதால் ஒரே இணைப்பில் இரண்டையும் மாட்ட முடியாது.

பக்கவாட்டில் திருப்பும் திசை அச்சிலிருந்து தொடங்குவோம். டாப்சோனியனின் அடிப்பலகையையும் சுழலும் பெட்டியையும் ஒரு நடு போல்ட் இணைக்கிறது. பல தொலைநோக்கிகளில் அந்த போல்ட் இரண்டுக்கும் நடுவே சும்மா நிற்கும், பெட்டியைத் திருப்பினால் அதுவும் கொஞ்சம் திரும்பும். அப்படித் திரும்பினால் எண்ணிக்கை பொய்யாகிவிடும். போல்ட்டை அடிப்பலகையோடு மேலும் கீழும் நட் போட்டு அசையாமல் பூட்டுங்கள். பெட்டியின் தரையில் உள்ள துளையில் போல்ட் ஆடக்கூடாது. குளிர்பானக் காலி டின்னிலிருந்து தகட்டை வெட்டிச் சுருட்டித் துளைக்குள் நுழைத்தால் ஆட்டம் போய்விடும். அழகான வேலை இல்லை, ஆனால் பலன் உண்டு.

அடுத்து போல்ட்டின் மேல்முனையை என்கோடரின் 6 மி.மீ. தண்டோடு இணைக்க வேண்டும். எளிய வழி எம்8 போல்ட்டும் 8-6 மி.மீ. நெகிழ் கப்ளிங்கும். மற்றொரு வழி, லேத் பட்டறையில் கொடுத்து போல்ட் முனையில் நட்டநடுவே 6 மி.மீ. துளை போட்டுத் தண்டை நேரே செருகுவது. கையில் பிடிக்கும் டிரில்லால் அந்தத் துளையைப் போட முயல வேண்டாம், நடு நிச்சயம் தவறும்.

இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. நெகிழ் கப்ளிங் போட்டால் என்கோடர் உடலைப் பெட்டியோடு இறுக்கமாகத் திருகலாம். தண்டை நேரே செருகினால் உடலை இறுக்கக்கூடாது. உடல் சுழலாமல் இருந்தால் போதும், ஆடுவதற்கு அதற்கு இடம் வேண்டும். உடலோடு ஒரு மெல்லிய அலுமினியப் பட்டையைத் திருகி, அதன் மறுமுனையில் ஒரு நீளத் துளை வெட்டி, பெட்டியில் நடப்பட்ட ஒரு ஊசிக்குள் அது மாட்டிக்கொள்ளும்படி விடுங்கள். நீளத் துளை பட்டையின் நீளவாக்கில் இருக்க வேண்டும், அகலவாக்கில் ஊசி ஆடவே கூடாது. பட்டை எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது, 200 மி.மீ. கிடைத்தால் விடாதீர்கள். தண்டையும் இறுக்கி உடலையும் இறுக்கினால் என்கோடரின் சின்ன பேரிங்குகள் வளைந்து, சில மாதங்களில் தண்டு கரகரக்கத் தொடங்கும்.

குழாயை மேலும் கீழும் சாய்க்கும் ஏற்ற அச்சில் வேலை கொஞ்சம் நுட்பமானது. குழாயின் பக்கவாட்டில் இருக்கும் வட்ட பேரிங்கின் நடுவில் ஒரு போல்ட் வேண்டும். குழாயோடு அது திரும்ப வேண்டும். என்கோடர் பெட்டியின் பக்கச் சுவரில் நிற்க வேண்டும். பேரிங்கின் நடு எது என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். போல்ட்டைத் தற்காலிகமாகப் பொருத்தி, சுவரில் ஒட்டிய ஒரு ஊசிமுனையை அதன் விளிம்புக்கு மிக அருகில் வைத்து, குழாயைக் கிடைமட்டத்திலிருந்து நிமிர்த்தும் வரை இடைவெளி மாறுகிறதா என்று பாருங்கள். அரை மி.மீ.க்குள் கொண்டுவந்த பிறகு இறுக்குங்கள். குழாயைத் தூக்கி எடுத்து காரில் வைக்கும் வகை என்றால் பிராக்கெட்டின் மேல்பக்கம் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் ஸ்க்ரூ டிரைவர் தேட வேண்டியிருக்கும்.

பெல்ட் சேர்ப்பவர்களுக்கு அளவுகள்: ஜி.டி.2 வகை, 2 மி.மீ. பல் இடைவெளி. அச்சில் 80 பல் புல்லி, என்கோடரில் 20 பல். 280 மி.மீ. மூடிய பெல்ட்டுக்கு மையங்களின் தூரம் சுமார் 88 மி.மீ. வரும். என்கோடர் பிராக்கெட்டின் துளைகளை 5 மி.மீ. நீளமாக வெட்டி இழுத்து இறுக்க வழி வையுங்கள். 20 பல் புல்லிகள் பெரும்பாலும் முப்பரிமாண அச்சு இயந்திரங்களுக்கான 5 மி.மீ. துளையோடு வருபவை. உங்கள் தண்டு 6 மி.மீ. என்பதைப் பார்த்து வாங்குங்கள். கிரப் ஸ்க்ரூ (புல்லியை இறுக்கும் தலையில்லாத திருகு) தண்டின் தட்டையான பக்கத்தில் உட்கார வேண்டும், உருண்டைப் பக்கத்தில் இறுக்கினால் ஒருநாள் வழுக்கும்.

இனி மின்னணு. இஎஸ்பி32 பலகை (வைஃபை உள்ள சிறு கணினிப் பலகை) ஒன்று, கைப்பேசிக்கான பவர் பேங்க் ஒன்று, 4.7 கிலோஓம் மின்தடை நான்கு, 100 நானோஃபாரட் மின்தேக்கி இரண்டு, நான்கு கம்பிக் கவசக் கேபிள், தொலைபேசி வகை பிளக்குகள். ஆர்டுயினோ நானோவும் முடியும், ஆனால் அதில் வெளி இன்டரப்ட் பின்கள் (சிக்னல் மாறிய கணமே கவனிப்பவை) இரண்டே. நமக்கு நான்கு சிக்னல், வைஃபையும் வேண்டும். இஎஸ்பி32-க்குள் பல்ஸ் எண்ணுவதற்கென்றே தனி வன்பொருள் இருக்கிறது. மூல நிரலில் அதை இயக்கிவிட்டால் வைஃபை எவ்வளவு மும்முரமாக இருந்தாலும் படி தவறாது.

பரவலாகக் கிடைக்கும் 600 பல்ஸ் என்கோடரில் சிவப்பு மின்சாரம், கறுப்பு பூமி, பச்சை ஏ, வெள்ளை பி. வெளியீடு ஓப்பன் கலெக்டர்: அதாவது தானாக மின்னழுத்தம் தராது, கம்பியைப் பூமியோடு இணைக்கும் அல்லது விட்டுவிடும், அவ்வளவுதான். அதனால் 5 வோல்ட்டில் ஓடும் என்கோடரின் சிக்னலை 4.7 கிலோஓம் வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டினால் பலகைக்கு ஆபத்தில்லை. பலகையின் உள் புல்-அப்பை (இப்படி மேலே இழுத்துக் கட்டும் மின்தடையை) மட்டும் நம்பாதீர்கள்; அது பலவீனமானது, நீளக் கேபிளில் இரைச்சல் எடுக்கும். ஆனால் ஒரே தோற்றத்தில் வேறு வகை வெளியீடும் விற்கிறார்கள். இணைப்பதற்கு முன் என்கோடருக்கு 5 வோல்ட் கொடுத்து, பச்சைக் கம்பிக்கும் பூமிக்கும் நடுவே 10 கிலோஓம் வைத்து, தண்டை மெல்லத் திருப்பியபடி மீட்டரில் பாருங்கள். எப்போதும் பூஜ்யமே என்றால் ஓப்பன் கலெக்டர். இடையிடையே 5 வோல்ட் எட்டிப் பார்த்தால், 10 மற்றும் 20 கிலோஓம் கொண்டு பிரித்து 3.3 ஆக்கிய பிறகே பலகையைத் தொட வேண்டும்.

பின்களில் 25, 26, 32, 33 நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். 12-ஆம் பின்னில் புல்-அப் மாட்டினால் பலகை துவங்கவே துவங்காது. மின்சாரம் வரும் நொடியில் அந்தப் பின்னில் மின்னழுத்தம் உயர்ந்திருந்தால் நினைவகத்துக்கான மின்னழுத்தத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிடும். பலரும் பலகை பழுது என்று தூக்கிப் போடுவது இதனால்தான். மற்றொரு கண்ணி: பலகையின் 5 வோல்ட் பின்னில் டயோடு குறுக்கே இருந்தால் 4.7 வோல்ட்டே வரும். 5 முதல் 24 வரை என்று எழுதியிருக்கும் என்கோடர் அதில் சில நேரம் ஓடும், சில நேரம் தடுமாறும். என்கோடர் மின்சாரத்தை யு.எஸ்.பி. கேபிளிலிருந்தே நேராக எடுங்கள், 100 நானோஃபாரட்டை ஒவ்வொரு என்கோடர் முனையிலும் குறுக்கே போடுங்கள்.

நிரல் செய்ய வேண்டியது மிகக் குறைவு. பலகை தனக்கென ஒரு வைஃபை வலையைத் திறக்கும், முகவரி வழக்கமாக 192.168.4.1. ஒரு போர்ட்டைத் திறந்து வைக்கும், பெரும்பாலும் 4030. கைப்பேசிச் செயலி ‘க்யூ’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தை அனுப்பும். பதிலாகக் கூட்டல் அல்லது கழித்தல் குறி, ஐந்து இலக்கம், ஒரு டேப், மீண்டும் குறி, ஐந்து இலக்கம், வரி முடிவு. முதலில் திசை, பிறகு ஏற்றம். அவ்வளவுதான் மொத்த உரையாடலும். நட்சத்திரக் கணக்கு முழுவதையும் செயலியே பார்த்துக்கொள்ளும். ஒரே கவனம்: வன்பொருள் எண்ணி 32,767-ஐத் தாண்டாது. அது வழியும்போது உங்கள் சொந்த மாறியில் சேர்த்துக்கொண்டு, அனுப்பும் எண்ணை ஒரு சுற்றின் படிகளால் வகுத்த மீதியாகக் கொடுங்கள். வேறு எண்ணில் சுற்றிக்கொண்டால் திரையில் குறுக்குக்கோடு திடீரென வானத்தின் மறுபக்கம் தாவும். இரைச்சல் வடிகட்டியை அதன் உச்சமான 1023-க்கு வையுங்கள்; அது 12.8 மைக்ரோ விநாடி, கையால் தள்ளும் வேகத்துக்கு எந்தத் தடையும் இல்லை.

செயலி விஷயத்தில் ஸ்கைசஃபாரியின் பிளஸ் அல்லது புரோ வேண்டும், அடிப்படைப் பதிப்பில் தொலைநோக்கி இணைப்பு கிடையாது. அதில் கருவி வகையாக அடிப்படை என்கோடர் முறையையும், தாங்கி வகையாகக் கையால் தள்ளும் ஏற்ற–திசைத் தாங்கியையும் தேர்ந்தெடுத்து, இரண்டு அச்சின் படி எண்ணிக்கையையும் எழுதுங்கள். குழாயை வலப்பக்கம் தள்ளும்போது திரை இடப்பக்கம் போனால் அந்த எண்ணுக்கு முன் கழித்தல் குறி போடுங்கள், கம்பியைப் பிரிக்க வேண்டியதில்லை. தள்ளுவது பக்கவாட்டில், திரை நகர்வது மேலே என்றால் இரண்டு என்கோடர் பிளக்கும் இடம் மாறியிருக்கிறது. இணைத்த சில நொடிகளில் தொடர்பு அறுந்தால் கோளாறு கருவியில் இல்லை: இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கைப்பேசி தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. இந்த வலையிலேயே இரு என்று அனுமதி கொடுங்கள், அல்லது அன்று இரவு மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

வெளியே தூக்கிப் போவதற்கு முன் இரண்டு சோதனை. பெட்டிக்கும் அடிப்பலகைக்கும் ஒட்டுநாடாவில் ஒரு கோடு போட்டு, முழுச் சுற்று சுற்றி அதே கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். 2400 (அல்லது 9600) வர வேண்டும், ஒன்றிரண்டு படி வித்தியாசம் பரவாயில்லை. பத்துச் சுற்று சுற்றியும் வித்தியாசம் வளரக்கூடாது; வளர்ந்தால் எங்கோ வழுக்குகிறது. பிறகு குழாயின் மேல் டிஜிட்டல் சாய்வுமானி வைத்து 0-விலிருந்து 90 வரை நிமிர்த்துங்கள், கால் பங்கு எண்ணிக்கை வர வேண்டும். நடுவில் 45-இல் மட்டும் பிழை தெரிந்தால் மையம் தவறியிருக்கிறது என்று பொருள்.

களத்தில் இரண்டு நட்சத்திர ஒழுங்கமைவு செய்ய வேண்டும், அதாவது தெரிந்த இரண்டு நட்சத்திரங்களை நடுவில் வைத்து அவை எவை என்று செயலிக்குச் சொல்ல வேண்டும். நமக்கு வடக்கத்தியரின் துருவ நட்சத்திரம் இல்லை. தென் துருவத்தருகே உள்ள சிக்மா ஆக்டான்டிஸ் 5.4 ஒளியளவு, டர்பன் வானில் வெறுங்கண்ணுக்கு எட்டாது. இந்தக் கருவிக்கு அது தேவையும் இல்லை. அடிப்பலகையைக் குமிழி மட்டத்தால் ஓரளவு சமன் செய்தால் போதும். தேவை, ஒன்றுக்கொன்று 60 முதல் 120 பாகை தள்ளியுள்ள, நடுத்தர உயரத்தில் நிற்கும் இரண்டு பிரகாச நட்சத்திரங்கள். மே மாத முன்னிரவில் மேற்கே அகத்தியரும் (கனோபஸ்) கிழக்கே சித்திரையும் (ஸ்பைகா) அதற்கென்றே வைத்தது போல நிற்பார்கள்: இடைவெளி 90 பாகை, இரண்டும் 40 பாகை உயரத்தை ஒட்டி. அக்டோபரில் கேட்டையும் (அன்டாரஸ்) அக்கர்னாரும், 89 பாகை. ஜனவரியில் சிரியஸும் அக்கர்னாரும், 69 பாகை. அகத்தியரையும் சிரியஸையும் சேர்த்து எடுப்பது பலருக்குப் பழக்கம், இரண்டும் கண்ணைப் பறிப்பவை. ஆனால் இடைவெளி 36 பாகைதான், வானத்தின் மறுபக்கம் போனால் பிழை பெருகும்.

நடுவில் வைப்பதற்கு 10 மி.மீ. கண்வில்லையைப் போட்டு, நட்சத்திரத்தைக் குவியம் கலைத்து ஒரு வட்டத் தட்டாக்கிக்கொள்ளுங்கள். தட்டை நடுவில் வைப்பது புள்ளியை வைப்பதைவிட எளிது. கடைசித் தள்ளல் எப்போதும் ஒரே திசையில் இருக்கட்டும், தளர்வு ஒரே பக்கம் சாயும்.

புதிதாகச் செய்தவர்கள் முதல் இரவிலேயே ‘எண்ணிக்கை தானாக நகர்கிறது’ என்று கவலைப்படுவார்கள். குழாயைத் தொடாமல் விட்டாலும் திரையில் குறுக்குக்கோடு நட்சத்திரங்களுக்கு நடுவே ஊர்ந்துகொண்டே இருக்கும். அது கோளாறு அல்ல, நிமிடத்துக்கு 15 கலை வீதம் வானம்தான் நகர்கிறது. உண்மையான கோளாறுகளின் முகம் வேறு: ஒழுங்கமைத்த நட்சத்திரத்திலிருந்து விலக விலகப் பிழை சீராக வளர்ந்தால் படி எண்ணிக்கை தவறு, ஒரு திசையில் சரி, எதிர்த் திசையில் தவறு, திரும்பி வந்தால் மீண்டும் சரி என்றால் மையம், ஒரு கணத்தில் தாவினால் கேபிள் அல்லது பிளக். பவர் பேங்க் அணைந்து எழுந்தால் எண்ணிக்கை பூஜ்யமாகிவிடும், ஒழுங்கமைவை மறுபடி செய்வதைத் தவிர வழியில்லை. குறைந்த மின்னோட்டத்தைக் கண்டதும் தானே அணையும் பவர் பேங்குகள் உண்டு. வாங்கியதும் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். டிராகன்ஸ்பர்க் மலைப்பக்கம் குளிர்காலத்தில் போகும்போது அதைச் சட்டைப்பைக்குள் வைத்து நீளக் கேபிளில் இழுங்கள், உறைபனியில் பேட்டரி சோர்ந்துவிடும்.

கடற்காற்று தனிப் பிரச்சினை. டர்பனில் பிளக்கின் பித்தளை முனைகள் ஓர் ஆண்டில் பச்சை பூக்கும். மெல்லிய வாஸ்லின் பூச்சு, உள்ளே சிலிகா ஜெல் போட்ட மூடி டப்பாவில் பலகை. என்கோடரின் தண்டு மேல்நோக்கி இருந்தால் பனித்துளி அதன் வழியே உள்ளே இறங்கும், மேலே ஒரு ரப்பர் வாஷர் போட்டு வையுங்கள்.

முதல் பயணத்துக்கு ஒரு வழி. மே மாதம், சித்திரையும் அகத்தியரும் ஒழுங்கமைத்த பின் ஒமேகா சென்டாரிக்குத் தள்ளுங்கள். தவற விட முடியாத உருண்டைக் கொத்து, அதன்மேல் ஒருமுறை ஒத்திசைவு (இப்போது பார்ப்பது இதைத்தான் என்று செயலிக்குச் சொல்வது) செய்துகொள்ளுங்கள். அங்கிருந்து வடக்கே நாலரை பாகையில் சென்டாரஸ் ஏ விண்மீன் மண்டலம். நகர வெளிச்சத்தில் ஃபைண்டரால் பிடிக்கக் கடினமான மங்கல் இது. புலத்தின் நடுவில் வந்தால் உங்கள் ஏற்ற அச்சு நன்றாக இருக்கிறது. அடுத்து எம்83. பிரெஞ்சு வானியலாளர் லக்காய் 1752இல் கேப் டவுனிலிருந்து கண்ட விண்மீன் மண்டலம். 1968இல் பிரிட்டோரியாவின் ஜாக் பென்னட் கண்ணால் பார்த்தே ஒரு சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்ததும் இதில்தான். இதன் நடுவரை விலக்கம் (வான நடுக்கோட்டிலிருந்து உள்ள கோணத் தூரம்) ஏறக்குறைய டர்பனின் அட்சரேகையே என்பதால் நம் தலைக்கு நேர் மேலே கடக்கும், டாப்சோனியனுக்கு அந்த இடம் ஆகாது. குழாய் செங்குத்தாக நிற்கையில் திசையில் தள்ளப் பிடியே கிடைக்காது. மே முதல் வாரத்தில் இரவு 9 மணிக்கே, அது இன்னும் 20 பாகை கிழக்கே இருக்கும்போது பார்த்துவிடுங்கள். பத்தரை ஆகிவிட்டால் நள்ளிரவு வரை பொறுக்க வேண்டும், மணிக்கு 13 பாகை வீதம் மேற்கே இறங்கிவிடும்.